கிளட்ச் ஜோசியம்

பழைய புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்களின் ஞானமே தனி. கிளட்ச் தேய்மானம் அறிய உராய்வுத் தகட்டை வெர்னியரால் அளப்பது, ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்து நெளிவு பார்ப்பது, ஸ்பிரிங்கின் நீளம் பார்ப்பது எல்லாம் நம்பிக்கையற்றவர்களின் வேலை. மெக்கானிக் அண்ணன் லீவரை ஒருமுறை அமுக்கி, கண்ணை மூடி, "இன்னும் பத்து வருஷம் தாங்கும் சார்" என்பார். முடிந்தது பரிசோதனை.

சூட்டில் நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட்டா? அந்தக் காலத்து அழகு. பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துக் கிளட்ச் கூடையில் விழுந்த பள்ளமா? வரலாற்றுச் சின்னம்; அரம் போட்டால் தொல்லியல் துறை கோபிக்கும். மிச்சமான காசு குரோமுக்கும் டேங்கின் தங்கக் கோட்டுக்கும்.

வண்டி டெம்போவில் ஏறிக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசோடு திரும்பியது. அண்ணன் வாக்கு பலித்தது. கிளட்ச் துளியும் தேயவில்லை. டெம்போவின் கிளட்ச்தான் போய்விட்டது.