வெளியே போகும் வழியில் ஒரு மேடம்

கோயிலுக்குப் பிரசாத ஸ்டால் எப்படியோ, அறிவியல் அருங்காட்சியகத்துக்கு கிஃப்ட் ஷாப் அப்படி. சாமியைச் சரியாகப் பார்க்காமல்கூட வந்துவிடலாம். புளியோதரை வாங்காமல் வர முடியாது. கூடம் கூடமாகச் சுற்றிக் களைத்த பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்குத் திரும்பும் பாதையில், எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாத ஒரு திருப்பத்தில் அது இருக்கும். உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஸ்டாக் ரிஜிஸ்டருமாக நிற்பவர்தான் சூப்பர்வைசர் மேடம்.

இவரைப் பல ஊர்களில் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், படிப்பு பி.காம். விற்பனைப் பெண்களுக்கு ‘அக்கா’, ஆசிரியைகளுக்கு ‘மேடம்’, பிள்ளைகளுக்கு ‘ஆன்ட்டி’, வாசல் செக்யூரிட்டிக்கு ‘அம்மா’. பாக்கி வரவேண்டிய சப்ளையர் மட்டும் போனில் பதற்றத்தில் ‘சார்’ என்பார். மேடம் திருத்த மாட்டார். திருத்தினால் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

உலகத்தில் மேடத்துக்கு ஒரே ஒருவர் மேல்தான் கோபம்: ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியல்காரர்தான். 1969ல் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தவர். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காதே, வருகிறவர்கள் திருகட்டும், இழுக்கட்டும், அமுக்கட்டும் என்பது அவர் வழி. அந்த வழி உலகமெங்கும் பரவி நம் ஊர் அறிவியல் மையங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு விழாவில் க்யூரேட்டர் இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டதிலிருந்து மேடம் அந்த மனிதரை மன்னிக்கவே இல்லை. “அண்ணன் செஞ்சதுக்குப் படம்கூட எடுத்துட்டாங்க. தம்பி செஞ்சதுக்கு டேமேஜ் ரிஜிஸ்டர் எழுதறது நான்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ‘தொட்டுப் பார், சுற்றிப் பார்’ என்று பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். கையை உள்ளே விடு, லிவரை இழு, பட்டனை அழுத்து. நன்றாகப் பழகியதும் மேடத்திடம் அனுப்பி வைக்கிறார்கள். மேடத்திடம் இருப்பதோ ஒரே வசனம்: “தொடாதே தம்பி.” இந்த வசனம் பலித்ததாகச் சரித்திரம் இல்லை. கைரோஸ்கோப்பின் நூலை இழுக்காத பையனும், காலைடோஸ்கோப்பை அடுத்தவள் கண்ணில் வைத்துப் பார்க்காத பெண்ணும் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ஸ்கூல் பஸ் வந்து நின்றால் பதினைந்து பேர் நிற்கக்கூடிய கடைக்குள் எண்பது பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: “இது எவ்ளோ ஆன்ட்டி?” கேள்வி எப்போதும் டெலஸ்கோப்பில்தான் ஆரம்பிக்கும். அங்கிருந்து மைக்ரோஸ்கோப், கிரகங்கள் தொங்கும் மொபைல், ரூபிக்ஸ் கனசதுரம், ப்ரிஸம் என்று படிப்படியாக இறங்கி, ராக்கெட் படம் போட்ட பென்சிலில் வந்து நிற்கும். கையில் இருக்கும் ஐம்பது ரூபாய்க்கு அறிவியல் எந்த இடத்தில் கிடைக்கும் என்று பையன் கண்டுபிடிக்கிற முறை இது. மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார். பொருளைப் பையன் எடுக்கும் சத்தத்திலேயே எது என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஒரு சிறுமி, ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து எட்டாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டைப் பிரித்து வைத்தாள். “எனக்கும் தம்பிக்கும் சண்டை வராத மாதிரி ஏதாவது இருக்கா ஆன்ட்டி?” பின்னால் இருபது பேர் முண்டியடித்துக்கொண்டிருக்க, மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு சட்டக் காந்தங்களை எடுத்து வைத்தார். “ஆளுக்கு ஒண்ணு. தனியா வெச்சு விளையாடினா போரடிக்கும்.” சிறுமி ஒட்டிப் பார்த்தாள், திருப்பித் தள்ளவும் விட்டுப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். க்யூரேட்டருக்கு முனைவர் பட்டம் இருக்கிறது. இப்படி ஒரு பதில் வருமா என்று எனக்குச் சந்தேகம்.

பெரியவர்கள் வேறு ரகம். ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப் அப்பா வருவார். முதல் கேள்வி, “இதுல எவ்ளோ ஜூம்?” உருப்பெருக்கத்தை விட முன்னால் இருக்கும் லென்ஸின் அகலம்தான் முக்கியம் என்று மேடம் சொன்னால் காதில் விழாது. அடுத்து, “எங்க பால்கனியிலிருந்து சனி வளையம் தெரியுமா?” மேடம் பொய் சொல்ல மாட்டார், வியாபாரத்தையும் விட மாட்டார். “1610ல கலிலியோ பாத்தப்ப அவருக்கே அது வளையம்னு தெரியலை சார். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு குட்டிக் கோள் ஒட்டிக்கிட்டிருக்குன்னு நெனைச்சார். அவர் வெச்சிருந்ததைவிட இது நல்ல லென்ஸ்.” கலிலியோவையே மிஞ்சும் வாய்ப்பு கிடைத்தால் எந்த அப்பா விடுவார்? பில் போட்டாகிவிடும்.

கல்லா மேசையில் ஒரு கண்ணாடிப் பறவை இருக்கும், டெமோ பீஸ். டம்ளரில் அலகை நனைத்து நிமிரும், மறுபடி குனியும். பேட்டரி கிடையாது. தலையைச் சுற்றிய துணியில் ஈரம் காயும்போது தலை குளிரும். உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும். வயிற்றிலுள்ள சாயத் திரவம் கழுத்து வழியே ஏறும். தலை கனத்துக் குனியும். குனிந்ததும் திரவம் கீழே வடியும். காலையில் கடை திறந்ததும் மேடம் கேட்கும் முதல் கேள்வி, “பறவைக்குத் தண்ணி வெச்சியாடி?” ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏற ஏற, துணி காயாமல் பறவை சோம்பிப் போகும். உடனே மேடம் பார்க்கிங்கில் நிறுத்திய ஸ்கூட்டிக்கு உறை போடச் சொல்லி ஆள் அனுப்புவார். வீட்டில் துணி காயப்போட்டுவிட்டு வந்த அலுவலக ஆட்கள்கூட மதியம் எட்டிப் பார்த்து, “மேடம், பறவை எப்படி இருக்கு?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். வாடிக்கையாளர் வரும்போது மட்டும் அதை ஏ.சி. காற்றுக்கு நேரே நகர்த்தி வைத்துவிடுவார். வறண்ட குளிர்க்காற்றில் பறவைக்கு உயிர் வந்துவிடும்.

அறிவியல் முன்னேறினால் உலகம் கைதட்டும். மேடத்துக்கு வயிறு கலங்கும். 2006 ஆகஸ்ட் 24ஆம் தேதி பிராகில் கூடிய வானியல் அறிஞர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போது மேடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான். குடோனில் ஒன்பது கிரக சார்ட் கட்டுக் கட்டாக இருந்தது. சப்ளையர் ரிட்டர்ன் எடுக்க மறுத்தார். ‘ஒரு கிரகம் இலவசம்’ என்று அட்டை எழுதி மாட்டித்தான் தீர்த்தார்கள்.

சந்திரயான் விவகாரம் இன்னும் சிக்கல். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை லேண்டர் நிலவில் இறங்கியது. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களெல்லாம் சந்திரயான்-3 மாடல்தான் கேட்டார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று பேப்பரில் போட்டதும், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி உரிமையோடு கேட்டார்கள். சப்ளையர் பெட்டிகளை அனுப்பி வைத்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பெட்டியை எடுத்து அட்டைப் படத்தை உற்றுப் பார்த்தான்.

“ஆன்ட்டி, இது மூணு இல்ல.”

“மூணுன்னு போட்டிருக்கே கண்ணு.”

“இதுல ஆர்பிட்டர் இருக்கு. மூணுல ஆர்பிட்டர் கிடையாது, புரொபல்ஷன் மாட்யூல்தான். ரெண்டோட ஆர்பிட்டரே இன்னும் மேல சுத்திக்கிட்டிருக்கு.”

மேடம் பெட்டியை வாங்கி ‘3’ மேல் நகத்தால் சுரண்டினார். ஸ்டிக்கர் உரிந்தது, அடியில் ‘2’. பையனைப் பார்த்து எந்த ஸ்கூல் என்று கேட்டார். அவன் அம்மா ஏதோ திட்டு விழப்போகிறது என்று பையனை இழுத்துக்கொண்டாள். அன்று சப்ளையர் வாங்கிய திட்டை விற்பனைப் பெண்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். பெட்டிகளை மேடம் திருப்பி அனுப்பவில்லை. ஸ்டிக்கரை எல்லாம் உரிக்கச் சொல்லிவிட்டு, ‘சந்திரயான்-2: இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதி வைத்தார். அந்த வாரமே தீர்ந்துபோயின.

டைனோசர் அலமாரியில் மட்டும் மேடத்துக்கு ஒரு மனக்குறை. ரப்பர் டைனோசர் எல்லாம் சீன வரவு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். முதலில் மாமிசம் தின்பது என்றார்கள். பிறகு, இல்லை, இலை தழை தின்ற மகா பெரிய உருவம் என்றார்கள். அந்த எலும்புகளும் பின்னாளில் உதிர்ந்தே போய்விட்டன. “நம்ம ஊர் டைனோசர், அதுவும் சைவம். ஒருத்தனும் பொம்மை பண்ணலை பாருங்க” என்பார் மேடம்.

மார்ச் மாதம் ஆடிட் வரும். சென்ற முறை வந்த அதிகாரிக்குத் துள்ளும் பந்துக் கணக்கில் திருப்தி இல்லை. வந்ததும் விற்றதும் இருப்பும் எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் சரிக்கட்டவில்லை.

“மீதிப் பந்தெல்லாம் எங்கே மேடம்?”

“அலமாரிக்கு அடியில சார். சுவரோட சேத்துக் கட்டினது. கை போகாது, துடைப்பமும் போகாது.”

“அத்தனையுமா? அது எப்படிங்க போகும்?”

மேடம் விளக்கம் சொல்லவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, “போட்டுப் பாருங்க சார்” என்றார்.

அதிகாரி போட்டார். பந்து தரையில் பட்டது, கல்லாவில் பட்டது, அவருடைய பைலில் பட்டது, குளோபைத் தொட்டது, அலமாரிக்கு அடியில் போயிற்று. அதிகாரி குனிந்து பார்த்தார். கையை விட்டுப் பார்த்தார். எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ‘குறைவு’ என்ற கட்டத்தில் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு, ஒன்று கூட்டி எழுதி, பக்கத்தில் ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டார்.