முடி இருந்த காலத்து ரோக்

என் தலையில் ஒரு காலத்தில் தோள்வரை முடி இருந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டுவதற்குப் படமும் இல்லை. அன்று எங்கள் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர் கிராணி மட்டும்தான். என் தலையைப் படம் பிடிக்கவேண்டும் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

1980களின் பிற்பகுதி. சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பால்வெட்டு. எனக்கு ரோக் காப்பாக். ஜொகூர் பாருவில் 1981இல் தொடங்கிய சர்ச் குழுவின் ஏமியும், விங்ஸ் குழுவின் அவியும் என் குலதெய்வங்கள். பாசார் மாலாமில் மலிவாக வாங்கிய கேசட் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவேன். வீட்டில் பென்சில் உபயோகமானது அதற்கு மட்டும்தான் என்று அப்பா சொல்வார்.

"தமிழ்ப் பையனுக்கு மலாய்ப் பாட்டு எதுக்குடா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் தயாராக வைத்திருந்த பதில், பினாங்கு எல்லிகேட்ஸ். டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் மலாயில் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கவில்லையா? அவர்கள் தலையில் இருந்த ஆப்ரோ முடிக்குள் ஒரு குருவிக் குடும்பமே வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். அவர்கள் பாடியது காதுக்கு இதமான பாட்டு, நான் கேட்டது லயத்துத் தகரத்தைப் பிய்க்கும் பாட்டு என்ற வித்தியாசத்தை மட்டும் நான் பெரியவர்களிடம் விளக்கவில்லை.

ரோக்கர் என்றால் ஜீன்ஸ் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கணுக்காலில் குதிகால் நுழையாது. அதற்கும் வழி உண்டு: பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு பையை உருவிவிடலாம். போடுவதற்கு ஒரு தொழில்நுட்பம் இருந்தது. கழற்றுவதற்குத் தம்பி இருந்தான். நான் கட்டிலைப் பிடித்துக்கொள்ள, அவன் வாசல்வரை இழுப்பான்.

1969இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் விழாவுக்கு இடம் கொடுத்தது ஒரு பால் பண்ணை. எங்களுக்கும் இடம் கொடுத்தது பால்தான், ஆனால் ரப்பர் பால். எங்கள் உட்ஸ்டாக் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ரதம் சுற்றி வந்து நிலைக்கு நின்றதும், பலகை மேடையில் ஈப்போவிலிருந்து வந்த இசைக்குழு ஏறும். முதலில் பக்திப் பாட்டு. அப்புறம் 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்'. கோயில் தலைவர் தூங்கப் போய்விட்டார் என்று உறுதியானதும், கிட்டார்காரர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு 'இசபெல்லா'வைத் தொடங்குவார். 1989இல் சர்ச் வெளியிட்ட அந்தப் பாட்டு அப்போது கேட்காத காப்பிக் கடை இல்லை.

அப்படி ஓர் இரவில்தான் நான் தலையைச் சுழற்றி ஆடினேன். முடி முன்னால் விழ, பின்னால் விழ, கண் சொருக, ஆட்டம். பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்து, என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் வேப்பிலையைத் திணித்து, "ஆத்தா, என் பேத்திக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்டார். பாட்டு இன்னும் முடியவில்லை. நிறுத்தினால் எனக்கு அவமானம், மறுத்தால் ஆத்தாவுக்கு அவமானம். "தை மாசம்" என்றேன். கல்யாணமும் தையில் நடந்து தொலைத்தது. அடுத்த திருவிழாவில் இசைக்குழு மேடை ஏறுவதற்கு முன்பே என்னைச் சுற்றிக் கூட்டம். என் கலை வாழ்க்கையில் எனக்கென்று ரசிகர்கள் சேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு 1992. நீளமுடி ரோக்கர்களை ஆர்டிஎம் திரையில் காட்டக் கூடாது என்றார்கள். தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தாமே கத்தரியை எடுத்து ஏமியின் முடியை வெட்டினார். என் அப்பா அரசாங்கத்தை மனம்விட்டுப் பாராட்டியதை அன்றுதான் கண்டேன். "மந்திரியே வெட்டுறாரு, நீ என்ன?" எனக்கு அப்போது மீசை வந்துவிட்டது, சம்பளமும் வந்துவிட்டது, அப்பா முன்னால் இரண்டும் செல்லாது. கோப்பேங் முடிவெட்டுக் கடையில் என் ரோக் வாழ்க்கை தரையில் கிடந்தது. கடைக்காரர் அதைக் கூட்டி முறத்தில் அள்ளினார். எஞ்சியதைக் காலம் பார்த்துக்கொண்டது. அதற்கு மந்திரி தேவைப்படவில்லை.

கோப்பேங்கில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட்டின் தம்பி மமாட் காலிட், 2005இல் 'ரோக்' என்று ஒரு படமே எடுத்தார். அந்தக் காலத்து ஜீன்ஸும் முடியும் வெட்டிப் பேச்சும் அப்படியே இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்ததைவிட என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததே அதிகம்.

இப்போது தாமான் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் சர்ச் போட்டால், "கல்லுமலையில இன்னிக்கும் வெடி வைக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறாள். சுண்ணாம்புமலை அடிவாரத்தில் குடியிருந்தால் டிரம்ஸுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

போன வருடம், பழைய ரோக் பாடகர்கள் பாடும் நிகழ்ச்சி கோலாலம்பூரில் என்று மகள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "நாற்காலி உண்டா?" தாப்பா ஓய்விடத்தில் காரை நிறுத்தினால் கழிவறை வாசலில் நீண்ட வரிசை. எல்லாம் என் வயது, எல்லாம் கறுப்புச் சட்டை, எல்லார் சட்டையிலும் மண்டையோடு. முன்னால் நின்றவர் திரும்பி, "சீனி உண்டா?" என்று மலாயில் விசாரித்தார். உண்டு என்றேன். ஒரே மாத்திரை. அதற்குப் பிறகு நாங்கள் நண்பர்கள்.

நிகழ்ச்சியில் 'இசபெல்லா' வந்தது. நான் கையைத் தூக்கினேன். தோள்பட்டை பாதியிலேயே மறுத்துவிட்டது. பல்லவிக்கு அப்பால் எனக்கு வரிகள் வரவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் என் மனைவி முழுப் பாட்டையும் ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க லயத்துல ஒருத்தர் சாயங்காலம் கிட்டார் வாசிப்பாரு."

"ஒருத்தர்னா?"

"முடி நீளமா இருக்கும். உங்களுக்கு இருந்துச்சுன்னு சொல்றீங்களே, அந்த மாதிரி."

தஞ்சோங் மாலிம் வந்தது, சுங்கை வந்தது. பெயர் கேட்டேன், தூக்கம் வருகிறது என்றாள். பீடோர் தாண்டும்போது, நான் கேட்காமலேயே, கண்ணை மூடியபடி சொன்னாள்: "நல்லா வாசிப்பாரு."