ஆஸ்தே, லேடீஸ்!

கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு ஞாயிறு காலையில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கும் வேலை இருக்கும். எனக்கு அதற்குமேல் டிராம் ஓட்டும் வேலையும் உண்டு. சாப்பாட்டு மேஜைதான் டிப்போ.

ராஜதானி எஞ்சினை ஓட்டாமல் ஏன் டிராம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எச்ஓ அளவு பொம்மை ரயில் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், அரையைத் தள்ளிவிட்டால் 1,435 வரும். கொல்கத்தா டிராம் பாதையும் அச்சு அசலாக அதே அகலம்தான். ஹௌராவிலிருந்து கிளம்பும் அகலப்பாதை எஞ்சினுக்கோ 1,676 வேண்டும். அதைக் குறுக்கி இந்தத் தண்டவாளத்தில் ஏற்றுவதை என் மனச்சாட்சி ஒப்புக்கொள்ளவில்லை.

அகலம் சரியாகிவிட்டது, கனத்துக்கு எங்கே போவது? அட்டையில் செய்த டிராமின் மொத்த எடை ஒரு கைப்பிடி அரிசிதான் இருக்கும். வேகக் கைப்பிடியைத் திருகினால் தவளை மாதிரி எகிறுகிறது. 1902-லிருந்து மின்சாரத்தில் ஓடும் கொல்கத்தா டிராம் எதுவும் அப்படிக் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை. அதனால், வண்டிக்குள் இருந்து அதை ஓட்டும் நகம் அளவு டீகோடர் சில்லுக்கு நிஜ டிராமின் கனத்தை எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்களை எழுதும் இடங்களுக்கு சிவி என்று பெயர். சிவி 2 புறப்படும் உதை. சிவி 3 வேகமெடுக்கும் நிதானம். சிவி 4 நிற்கும் நிதானம். சிவி 5 உச்ச வேகம். நிதானத்தில் எழுதிய எண்ணை 0.896-ஆல் பெருக்கினால் விநாடி. 10 என்றால் 9 விநாடியில் முழு வேகம். 255 போட்டால் ஏறக்குறைய 4 நிமிடம். தண்டவாளத்தில் டாக்சி நிறுத்தியிருக்கும் நாளுக்கு அதுவே சரி.

சிவி 4-க்கு எனக்கு வழிகாட்டி மினிபஸ் கண்டக்டர்தான். பெண்கள் இறங்கும்போது "ஆஸ்தே, லேடீஸ்! கோலே பாச்சா!" என்று கத்துவார்; மெதுவா, லேடீஸ், இடுப்பில் குழந்தை என்று அர்த்தம். இடுப்பில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கத்தல்தான். டிரைவர் கொஞ்சம் தளர்வார், முழுசாக நிற்க மாட்டார். அந்தத் தளர்ச்சியை மனசில் வைத்து 60 எழுதினேன்.

மேல் மாடி வங்காளிப் பெரியவர் ஒரு நாள் வந்தார். சாயாவைக் கையில் வாங்கியதுமே, டிராம் என்றால் எப்படி ஓட வேண்டும் என்று பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. கொல்கத்தாவில் அதைத் தடுக்க யாராலும் ஆகாது. 2024-ல் அரசு எஸ்பிளனேட்–மைதான் வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்ததில் அவருக்குத் தீராத கோபம். பேசிக்கொண்டே கைப்பிடியைத் திருகினார். பாதி மேஜை வந்ததும் சுழிக்குத் திருப்பினார். டிராம் நிற்கவில்லை.

நிற்காது. 60 என்றால் 54 விநாடி. என் டிராமின் வேகத்துக்கு அதற்குள் ஒன்றே முக்கால் மீட்டர் போய்விடும். மீதி இருந்த மேஜை முக்கால் மீட்டர். அதன் முடிவில் சாம்பார் பாத்திரம்.

"பிரேக்! பிரேக்!" என்றார் பெரியவர். டிராமோ மைதானத்துப் புல்வெளியில் போகிற மாதிரி அசைந்து அசைந்து போனது. என் மனைவி கரண்டியாலேயே சிவப்புப் பொத்தானைத் தட்டினாள். அவசர நிறுத்தத்துக்கு சிவி 4 எல்லாம் பொருட்டில்லை. வண்டி அங்கேயே நின்றது, பருப்பு வாசனை படும் தூரத்தில்.

"ஏங்க, இதுல எல்லாத்தையும் பழையபடி ஆக்க வழி இல்லையா?" என்றாள்.

இருக்கிறது. பெரும்பாலான டீகோடர்களில் சிவி 8-ல் 8 என்று எழுதினால் போதும், அத்தனையும் அழிந்து கடையில் வாங்கியபடி ஆகிவிடும். சொல்லித் தொலைத்தேன். மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.