கம்ப்யூட்டர் ஐயா சொன்னால் அப்பீல் ஏது?

2018 அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கடை ஒன்றில் 3,800 டாலர் பெறுமான ஐந்து கைக்கடிகாரங்கள் களவு போயின. திருடனைத் தேடி அலைவது சிரமம். முகம் பொருத்திப் பார்க்கும் கம்ப்யூட்டர் ஐயாவைப் போலீஸார் கேட்டார்கள். கடைக் கேமராவின் மங்கலான படத்தைப் பார்த்த ஐயா, காலாவதியான ஒரு டிரைவிங் லைசென்ஸ் படத்தை எடுத்து நீட்டினார். ஆள் ராபர்ட் வில்லியம்ஸ். கறுப்பர்.

ஐயா கொடுத்த காகிதத்திலேயே, இது அடையாளம் காட்டியதாகாது, கைதுக்கு இது மட்டும் போதாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சிகரெட் பெட்டியிலும்தான் போட்டிருக்கிறது. படித்துவிட்டா பற்றவைக்கிறார்கள்?

சட்டம் சாட்சி கேட்கும். அதற்கும் ஆள் பிடித்தார்கள்: கடைக்குக் காவல் ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தின் ஊழியர். ஆறு படங்களைப் பரப்பி வைத்ததும் வில்லியம்ஸைத் தொட்டுக் காட்டினார். திருட்டு நடந்தபோது அந்த ஊழியர் கடையிலேயே இல்லை. அதே மங்கல் வீடியோவைப் பார்த்தவர், அவ்வளவுதான். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பாட்டிமார் சொன்னது, கண்டவர்களைப் பற்றி. தீர விசாரிக்கும் கட்டத்துக்கு டெட்ராய்ட் போலீஸ் வந்து சேரவேயில்லை.

2020 ஜனவரியில், வேலை முடிந்து வந்தவரை வீட்டு வாசலிலேயே விலங்கு மாட்டினார்கள். மனைவியும் ஐந்து வயது, இரண்டு வயதுப் பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, கூகுளில் தேடிக்கொள் என்று பதில் வந்ததாம். மரியாதையைக்கூடக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரணை அறையில் வில்லியம்ஸ் கடைக் கேமராப் படத்தை எடுத்துத் தன் முகத்தருகே பிடித்தார். கறுப்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டார். கம்ப்யூட்டர்தான் தவறிவிட்டது போலிருக்கிறது என்றார் ஒரு துப்பறிவாளர். என்ன அடக்கம்! தவறு ஐயாவுடையது, லாக்கப் வில்லியம்ஸுடையது. சுமார் 30 மணி நேரம் உள்ளே இருந்தார்.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018லேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள். முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் ஒரு மென்பொருள், வெள்ளைத் தோல் ஆண்களிடம் 0.3 சதவீதமும் கருத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதமும் தவறியது. டெட்ராய்ட் போலீஸ் தலைவரே 2020 ஜூனில், மென்பொருளை மட்டும் நம்பினால் 96 சதவீதம் தவறான ஆளைத்தான் காட்டும் என்றார். சொல்லிவிட்டு அதையே வைத்துக்கொண்டார். நூற்றுக்கு நாலு மார்க் வாங்கும் பையனுக்கு எந்த ஊரில் இன்ஸ்பெக்டர் வேலை கொடுக்கிறார்கள்?

2023 பிப்ரவரியில் அதே ஊர், அதே ஐயா. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கார் பறித்ததாகப் பிடித்துப்போனார்கள். அவரும் கறுப்பினத்தவர். வயிற்றைக் காட்டிக் கேட்டும் 11 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். புதிய லைசென்ஸ் படம் இருக்க, எட்டு வருடப் பழைய படத்தை எடுத்திருந்தார்கள்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். கைதான ஆள் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. மதிப்பெண் எப்படிப் போடுகிறது என்பது நிறுவனத்தின் வியாபார ரகசியம். தண்டனை பெற்ற லூமிஸ் என்பவர் இது நியாயமா என்று கேட்க, 2016இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் பயன்படுத்தலாம், எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தால் போதும் என்றது. மறுபடி சிகரெட் பெட்டி! மனிதச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஐயாவை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

சட்டப் பேராசிரியர் சாண்ட்ரா மேசன் 2019இல் உடைத்துச் சொன்னார்: நேற்றைய பாரபட்சத்தை ஊட்டினால் கணிப்பு அதையேதான் நாளைக்கும் கக்கும். ஒரு இனத்தையே பிடித்துப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, பார், இவர்கள்தான் அதிகம் பிடிபடுகிறார்கள் என்று கணக்குக் காட்டுவது. இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

வில்லியம்ஸுக்கு 2024இல் டெட்ராய்ட் நகரம் 3 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. முகப்பொருத்தத்தை மட்டும் வைத்து இனிக் கைது கூடாது என்றும் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் முன்பே கொட்டை எழுத்தில் இருந்த அதே சங்கதிதான். கைதுக்குப் பிறகு அவருடைய குழந்தைகள் திருடன் போலீஸ் விளையாடத் தொடங்கினார்கள். அப்பாதான் திருடன். வீட்டுக் கூடத்தில் அவரை அடைத்துப் பூட்டினார்கள்.