காப்பியடிப்போர் இலக்கணம்

நூல் மூவகை என்கிறது நன்னூல்: முதல், வழி, சார்பு. இயற்கையைப் பார்த்து இயந்திரம் செய்வோரையும் இப்படியே வகுத்துவிடலாம். கடைசியில் ஒரு வகை மட்டும் மிஞ்சும். முதல்நூல் எது என்பதில் ஐயமில்லை. அதன் ஆசிரியர் காப்புரிமை கேட்டு வழக்குப் போட்டதே இல்லை என்பதால் காப்பியடிப்போர்க்குத் துணிச்சல் அதிகம்.

வழிநூல் இருவகைப்படும். ஒன்று, தானாக வந்து ஒட்டுவது. 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ராலின் நாய் மீது, நம் நாயுருவி போல் ஒட்டிக்கொள்ளும் பர்டாக் காய்கள் அப்பியிருந்தன. நுண்ணோக்கியில் வைத்தார்; ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கியாக வளைந்திருந்தது. பார்த்தது சுலபம், செய்வதுதான் பெரும்பாடு. நைலான் இழையைச் சின்னச் சின்னக் கண்ணிகளாக நெய்து, சூட்டில் விறைக்க வைத்து, ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் கத்தரித்தால்தான் கொக்கி கிடைக்கும். வெல்க்ரோவுக்குக் காப்புரிமை கிடைக்க 1955 ஆயிற்று. செடிக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்பது மரியாதையல்ல.

மற்றொன்று, தேடிப்போய் எடுப்பது. ஜப்பானின் ஷின்கான்சென் ரயில் சுரங்கப்பாதைக்குள் பாயும்போது முன்னாலிருக்கும் காற்று நெருக்குண்டு, மறுமுனையில் வெடிச்சத்தமாக வெளியேறும். பக்கத்தில் குடியிருப்போர் சும்மா இருப்பார்களா? பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை பார்ப்பதில் பித்துள்ளவர். காற்றிலிருந்து நீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாயும் மீன்கொத்தியின் அலகு, 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் நீள மூக்காயிற்று. இதை உத்தமக் காப்பி என்க.

சார்புநூலாவது, முதல்நூலைத் தப்பாகப் படித்தும் தேறிவிடுவது. ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடம் கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியது. சூடான காற்று உச்சி வழியே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று ஏற, புற்று தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது என்பது அக்கால நம்பிக்கை. பின்னர் ஆய்வாளர்கள் ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் புற்றைத் துருவினார்கள். கூட்டின் வெப்பம் சுற்றிலுமுள்ள மண்ணின் வெப்பத்தை ஒட்டியே பருவந்தோறும் ஏறி இறங்குகிறது. புற்றின் வேலை குளிரூட்டுவதல்ல, மூச்சு விடுவது. கட்டடத்துக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை போலும். இரவுக் காற்றை இழுத்துக் கான்கிரீட்டைக் குளிரவைத்து, வழக்கமான ஏ.சி. இல்லாமல் அது பாட்டுக்கு நிற்கிறது. படித்த பாடம் பிழை, எழுதிய விடை சரி. இதற்கு மதிப்பெண் குறைக்கும் வாத்தியாரோடு எனக்கு உடன்பாடில்லை.

மிஞ்சிய வகை பெயர்நூல். நன்னூலார் காலத்தில் விளம்பரத்துறை இல்லாததால் விடுபட்டது. 2000இல் ஸ்பீடோ நிறுவனம் சுறாத்தோலின் பெயரால் நீச்சலுடை இறக்கியது. ஹார்வர்டின் ஜார்ஜ் லாடர் அத்துணியைச் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவு: அதன் மேடுபள்ளம் சுறாவின் பல் போன்ற செதில்கள் செய்யும் வேலையைச் செய்யவில்லை. உடம்பை இறுக்கிப் பிடித்ததில் வேகம் கூடியிருக்கலாமாம். அதற்குச் சுறா எதற்கு, ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் போதுமே.