முதலில் மிளகாய், கடைசியில் டாக்டர்

தூக்கம் வரவில்லையா, கட்டிலைத் திருப்பிப் போடு. சிடுசிடுப்பா, பித்தம். காரணமில்லாத அழுகையா, கண் திருஷ்டி. நாலு காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் அடுப்பில் வெடித்தால் தீர்ந்தது. அதற்கும் அடங்காவிட்டால் ஜோசியர் ஏழரைச் சனியைக் கைகாட்டுவார். சனி வந்து மறுக்கவா போகிறார்? பிறகு பெரியப்பாவின் தீர்ப்பு: "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்." ஒருவருக்கு இருந்த மனச்சோர்வு இப்படித்தான் இருவருக்காகிறது.

மனநல மருத்துவர் என்று வாயெடுத்தால் மட்டும், "என்ன, கீழ்ப்பாக்கம் கேஸா?" என்போம். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை. நமக்கு இன்னும் அது வசவுதான்.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கம் கெட்டது, வேலை ஓடவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது மருத்துவம். நாம் இரண்டு வருஷம் பொறுக்கிறோம், பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று. (பக்கத்து வீட்டுக்காரர் அதே கிளினிக்கில் முகக்கவசத்தோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கலாம்.)

செத்துவிடலாமா என்று தோன்றினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அப்போதே பேச வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஜாதகம் கேட்கமாட்டார்கள்.