பூனைக்கு ஒரு புகலிடம்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போகிறேன். செல்லப் பூனையை யாரிடம் விட்டுப் போவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வீட்டுக்காரர் இங்கேயே இருக்கிறாரா? அப்படியானால் கவலை வேண்டாம். பூனை அவரைப் பார்த்துக்கொள்ளும்!

அவரும் கிளம்புகிறார் என்றால், பூனைக்கு ஒரு வீட்டை வரன் தேடுவதுபோல விசாரித்துத் தேடுங்கள். ஜன்னலுக்கு வலை உண்டா? வீட்டில் நாய் உண்டா? எதற்கெடுத்தாலும் பாரசிட்டமால் கொடுக்கும் கைவைத்தியர் யாராவது உண்டா? அந்த மாத்திரை பூனைக்கு விஷம். லில்லிப் பூவும் அப்படியே.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு மற்ற தடுப்பூசிகளையும் போட்டு அனுப்புங்கள். பழகிய தீனி, மலம் கழிக்கும் மண் தட்டு, நீங்கள் கட்டித் துவைக்காத பழைய புடவை ஆகியவையும் கூடவே போகட்டும். பூனைக்கு வாசனைதான் முகவரி. முதல் சில நாள் ஒரே அறையில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால், 'கோபம், தணிந்துவிடும்' என்று விடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பட்டினி தொடர்ந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவச் செலவு யாருடையது, பூனையைத் திருப்பித் தருவது எப்போது என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூனையின் சம்மதத்தை மட்டும் யாராலும் எழுதி வாங்க முடியாது!